இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சமைத்தவர்கள்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உன் அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். ஜூனியர் டெபுடி இன்ஸ்பெக்டராக நீ போன முதல் பள்ளிக்கூடம், வாசலிலேயே மாலை போட்டது, பிள்ளைகள் வரிசையாக நின்று வணக்கம் சொன்னது எல்லாம் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். 'மதியம் அங்கே இருக்கிற டீச்சரே தன் கையால் சமைத்துப் போட்டார், கத்தரிக்காய்க் குழம்பு அப்படியே உன் கைப்பக்குவம், உன் நினைப்பு வந்துவிட்டது அம்மா' என்று. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று உன் அப்பா அந்த வரியை மறுபடியும் படித்தார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். உன் மேல் கோபம் என்று நினைக்காதே என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, கொஞ்சம் கோபம்தான். நீ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு முறை போக வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் வைத்துவிட்டுப் படி, ஆனால் முழுக்கப் படி.

நீ ஹைஸ்கூலில் சேர்ந்த காலத்தில் நான் திண்டிவனத்தில் வேலை பார்த்தது உனக்கு நினைவிருக்கும். விடியும்போதே உலை வைத்து இறக்கிவிட்டு, விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் என்று ஒவ்வொன்றிலும் அது நின்று மூச்சு வாங்கிப் போவதற்குள் தலைக்குள் அன்றைய பாடத்தை ஒரு முறை நடத்திப் பார்த்துவிடுவேன். ஹையர் கிரேடு டிரெயினிங் முடித்தவள் நான். மூன்றாம் வகுப்பு என்னுடையது. அது ஒருவர் நடத்துகிற பள்ளிக்கூடம். தலைமையாசிரியரும் அவரே, நிர்வாகியும் அவரே. பெரிய சார் என்போம். ஆண்கள் மூன்று பேர், பெண்கள் நானும் விசாலாட்சி டீச்சரும். விசாலாட்சி என்னைவிட மூத்தவள், புருஷனை இழந்தவள், தம்பி குடும்பத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவள். அவள் வேலை நிரந்தரம். என்னுடையது டெம்பரவரி. ஏப்ரலில் நிறுத்திவிடுவார்கள், ஜூனில் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். கோடைக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் பெரிய சார் வீட்டு வாசலில் போய் நின்று, 'வாம்மா' என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அவர் கெட்டவர் இல்லை, இதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மழை வலுத்தால் ரயில் போய்விடும் என்று என்னை முன்னாலேயே அனுப்பிவிடுகிற மனிதர். நிரந்தரம் பற்றிக் கேட்டபோதும் நியாயமாகத்தான் பதில் சொன்னார். "இன்ஸ்பெக்டர் ஒன் கிளாஸ உக்காந்து பாத்து நல்லபடியா ஒரு வார்த்த எழுதட்டும்மா. மறுநாளே நிரந்தரத்துக்கு எழுதிப் போட்டுடறேன்" என்றார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று நான் வகுப்பில் இருக்க மாட்டேன். விசாலாட்சியும் இருக்க மாட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்போம். வருகிற இன்ஸ்பெக்டர் சைவம், காபி கிளப்பில் கை நனைக்க மாட்டார். ஆகவே டீச்சர்கள் சமைப்பது வழக்கம். யார் தொடங்கிய வழக்கமோ, நான் சேரும்போதே இருந்தது. விசாலாட்சி சேரும்போதும் இருந்ததாம். அன்றைக்கு எங்கள் வகுப்புகளை ஆண் வாத்தியார்கள் எடுப்பார்கள். என் வகுப்பு ராமலிங்கம் சாருக்கு. இன்ஸ்பெக்டர் எழுதுகிறதை வைத்துத்தான் சர்க்கார் கிராண்ட் பணம் வரும் என்பதால் சாப்பாட்டில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. முதல் நாளே மசாலா அரைத்துவிடுவோம்.

எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு. நான் அரைத்துவிட்ட சாம்பாரைப் பற்றி அந்த இன்ஸ்பெக்டர் மற்றப் பள்ளிக்கூடங்களிலும் சொல்வாராம். நான் அதில் மயங்கியே இருந்தேன் என்று வைத்துக்கொள். அப்புறம் ஒரு வருடம் பரிமாறிக்கொண்டிருக்கிறேன், வாளி கையில் இருக்கிறது, அவர் ராமலிங்கம் சாரைப் பார்த்துச் சொல்கிறார், "கழித்தலுக்கு அந்த வேர்க்கடலைப் பொட்டலம் வெச்சீங்களே சார், ரொம்ப நல்ல யோசனை" என்று. அது என் யோசனை. கடன் வாங்கிக் கழிப்பது பிள்ளைகளுக்குப் பிடிபடவே பிடிபடாது. எங்கள் பக்கம் மல்லாட்டைக்குப் பஞ்சமா? பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டி வைத்து, ஒன்றுகள் போதாதபோது ஒரு பொட்டலத்தை அவிழ்க்கச் சொல்வேன். பாடம் முடிந்தால் தின்னலாம் என்பதால் கணக்கு நேரத்தில் ஒரு பிள்ளையும் தூங்காது. ராமலிங்கம் சார் இலையைப் பார்த்தபடியே, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்ங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போனேன்.

அந்த வருடம் முழுக்க அது உள்ளே கிடந்து அறுத்தது. மறுவருடம் இன்ஸ்பெக்டர் வரும் வாரத்துக்கு முன்னால் பெரிய சார் எல்லோரையும் கூப்பிட்டு வேலை பிரித்தார். படம் மாட்ட ஒருவர், டிரில்லுக்கு ஒருவர் என்று சொல்லி முடித்துவிட்டு, "டீச்சருங்க ரெண்டு பேரும் எப்பயும்போல" என்று எழுந்தார். "சார், இந்த வருஷம் நான் கிளாஸ்ல இருக்கறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்டதா என்று சந்தேகம். அவருக்குக் கேட்டுவிட்டது.

"இன்னாமா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. என் கிளாஸ நானே எடுக்கறேன்னு சொல்றேன்."

"நீ கிளாஸ்ல நின்னா சோறு யாருமா ஆக்கறது? அவுரு வெளிய சாப்பிட மாட்டாருன்னு தெரியுமில்ல?"

"யாரனா சமையக்காரர வெச்சிக்கலாங்க சார். நீங்கதான சொன்னீங்க, அவுரு பாத்து எழுதணும்னு? அடுப்ப பாத்தா எழுதுவாரு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ராமலிங்கம் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பெரிய சாருக்குக் கோபம்கூட வரவில்லை, நான் ஏதோ தெரியாத பாஷை பேசினதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, ஒன் இஷ்டம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சமையற்காரர் பேச்சை அவர் காதிலேயே வாங்கவில்லை.

வெளியே வந்ததும் விசாலாட்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். "நீ பாட்டுக்கு வாயத் தொறந்துட்ட. இப்ப ரெண்டு பேரு வேலைய நான் ஒருத்தி பண்ணிக்கினு கெடக்கணும். நல்ல பேஜாரு பண்ண போ" என்றாள். நீயும் மாட்டேன் என்று சொல்லு அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னால் அவர் என்ன செய்வார் என்று கெஞ்சினேன். "ஒனக்கு ரயில்வேல புருஷன் இருக்கறாரு, நீ பேசற. எனக்குப் பின்னால யாரு இருக்கறா?" என்று கேட்டாள். செல்வம், ஒரு பெண் முடியாது என்று சொன்னால் அந்த வேலை ஆண் கைக்குப் போவதில்லை, பக்கத்தில் இருக்கிற இன்னொரு பெண் தலையில்தான் விழுகிறது. எங்களை ஒருத்திக்கு ஒருத்தி ஆகாதவர்கள் என்று ஊர் சொல்வதன் சூட்சுமம் இதுதான்.

வீட்டில் உன் அப்பாவிடம் சொன்னேன். குட்ஸ் ஷெட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "சோறாக்கனா இன்னா கொறஞ்சிட்ட? வீட்ல ஆக்கறதில்லயா?" என்றார். "வீட்ல ஆக்கறதுக்கு டிரெயினிங் படிச்சேனா? ஸ்டேஷன் மாஸ்டருக்கு நீங்க சோறாக்கிப் போடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இந்தக் கடிதத்தை அவரும் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார், அதனால் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. நான் வகுப்பில் நின்றேன். கொட்டகையிலிருந்து புகை வகுப்புக்குள் வரும்போதெல்லாம் விசாலாட்சி தனியாகக் கிடந்து திண்டாடுகிறாளே என்று மனசு அங்கே ஓடும். இன்ஸ்பெக்டர் பெரிய சாரோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொட்டலங்களைப் பிரித்துக் கழித்தல் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்கள். பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க புதுசா சேர்ந்தீங்களாம்மா? போன வருஷம் அந்த சார் இதே பாடம்தான் எடுத்தார். அவர்கிட்ட கத்துக்கிட்டீங்க போல. நல்லது" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். வருடா வருடம் என் சாப்பாட்டைச் சாப்பிட்ட மனிதர், என் முகம் அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல இருந்தது, ஆனால் வாயில் வேறு வந்தது. "இல்லீங்க ஐயா. அஞ்சாறு வருஷமா இந்தக் கிளாஸ் என்னுதுதான். நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் நான் அடுப்பாண்ட இருப்பேன். போன வருஷம் இந்தப் பொட்டலத்த கட்டனதும் நான்தான், உங்க எலையில சாம்பார் ஊத்தனதும் நான்தான்" என்றேன்.

அவர் பெரிய சாரைத் திரும்பிப் பார்த்தார். பெரிய சார் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம் இன்ஸ்பெக்டர், "சரிம்மா, நடத்துங்க" என்று சொல்லி, பாடம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நல்லபடியாக எழுதவும் எழுதினார். மதியம் சாப்பாடு தாமதம். விசாலாட்சி கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டிருந்தாள், சோறும் குழைந்துவிட்டது. இந்த வருஷம் சாப்பாடு சுமார்தான், மன்னிக்கணும் என்று பெரிய சார் குழைந்தார். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே, "பாடமும் நல்லா இருக்கணும், சாப்பாடும் நல்லா இருக்கணும்னா ஒரே நாள்ல எப்படி சார் முடியும்" என்றார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் சொன்னது கரைந்துபோய்விட்டது. விசாலாட்சி சுட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மோர் ஊற்றினாள்.

ஜூனில் வழக்கம்போலப் பெரிய சார் வாசலில் போய் நின்றேன். "ஒன் மேல எனக்கு வருத்தமில்லமா. ஆனா நாலு பேரு எதிர்ல ஸ்கூல் மானத்த வாங்கிட்ட. இந்த வருஷம் எடம் இல்ல" என்றார். "மானம் போனது நான் சோறாக்கனதாலயா, அத சொன்னதாலயா சார்?" என்று கேட்டேன். "பாத்தியா, இந்த வாய்தான்" என்று உள்ளே போய்விட்டார். அங்கிருந்து நேரே இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய்க் காத்திருந்து அவரைப் பார்த்தேன். என் முகம் அவருக்கு இப்போது தெரிந்தது. மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பாடத்தைப் பத்தி நல்லா எழுதியிருக்கேனே டீச்சர். ஆள் வெச்சுக்கிறது மேனேஜ்மெண்ட் இஷ்டம், அதுல நான் தலையிட முடியாதும்மா" என்றார். சட்டப்படி அது சரி. கும்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் அழுதேன்.

அந்த மாதங்கள் உனக்கு வேறு மாதிரி நினைவிருக்கும். பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் அம்மா இருக்கிறாள் என்று உனக்கு ஒரே குஷி. ராத்திரிச் சோறு கேப்பைக்கூழ் ஆனது, அதையும் நீ விளையாட்டாகவே குடித்தாய். அம்மா ஏன் ரயிலுக்குப் போவதில்லை என்று நீ கேட்டதற்கு உன் அப்பா, "ஸ்கூல்ல ஆள் கொறச்சிட்டாங்கடா" என்றார். பெண்டாட்டி வாய்ப்பேச்சால் வேலை போனது என்று சொல்ல அவருக்குக் கூச்சம். நானும் திருத்தவில்லை, நீ சின்னப்பிள்ளை என்று விட்டுவிட்டேன். அதனால்தான் இன்று நீ குழம்பைப் புகழ்ந்து எழுதுகிறாய். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து விழுப்புரத்திலேயே இந்தப் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. சேருகிற அன்றே தலைமையாசிரியை அம்மாவிடம், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு நான் சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர், "நானும் சமைச்சவதான். யாரனா மொதல்ல சொல்லட்டும்னுதான் காத்துக்கினு இருந்தேன்" என்றார். இங்கே அந்த வழக்கம் அன்றோடு நின்றது.

அந்த இன்ஸ்பெக்டரை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். நேர்மையானவர், கை நீட்டாதவர், எனக்கு நல்லதாக எழுதியவர். மறுவருடமும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போய் அதே கொட்டகைச் சாப்பாட்டைச் சாப்பிட்டார் என்று விசாலாட்சி சொன்னாள். நான் சொன்னது அவருக்குக் காதில் விழாமல் இல்லை. 'நாளையிலிருந்து என் சாப்பாடு நான் கொண்டு வருகிறேன்' என்று அவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன போயிருக்கும்? அதே விஷயத்தைச் சொன்னதற்கு எனக்கு வேலை போனது. மேலே இருக்கிறவன் சொன்னால் செலவில்லாமல் முடிகிற காரியம், கீழே இருக்கிறவள் சொன்னால் வயிற்றில் அடிக்கிறது. அந்த நாற்காலியில் இப்போது நீ இருக்கிறாய். அவர்களாக வாய் திறந்து கேட்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று நீ உட்கார்ந்திருக்கக்கூடாது.

விசாலாட்சி போன வருடம் ரிடையர் ஆனாள். பிரிவு உபசாரத்துக்குக் கூப்பிட்டிருந்தாள், போனேன். பெரிய சார் தளர்ந்துபோயிருந்தார், என்னைப் பார்த்ததும் நன்றாகத்தான் விசாரித்தார். மாலை போட்டார்கள், வரிசையாகப் பேசினார்கள். எத்தனை இன்ஸ்பெக்டர்கள் வந்தாலும் டீச்சர் வைக்கும் வத்தக்குழம்புக்கு ஈடில்லை என்று ஒருவர் சொன்னபோது நல்ல கைதட்டல். அவளும் கூப்பிய கையோடு சிரித்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்து என்னை ஸ்டேஷனுக்கு அனுப்ப வந்தாள். வண்டி வருகிற நேரம், "நான் பாடம் எடுத்தத ஒருத்தரும் பாக்கவே இல்லடி. நல்லா எடுத்தனா இல்லையான்னு எனக்கே தெரில" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான்கூட அவள் வகுப்பைப் பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன், செல்வம். இனிமேல் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போ. அதற்காக மருமகளை விடியற்காலையில் எழுப்பிவிடாதே. உனக்குச் சோறு வடிக்கத் தெரியும், மோர் ஊற்றிப் பிசையவும் தெரியும், அது போதும். தலைமையாசிரியர்கள் வருத்தப்படுவார்கள், இன்ஸ்பெக்டர் கௌரவம் பார்க்கிறார் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். முதலில் அந்தக் குழம்பு வைத்த டீச்சரிடம் திரும்பிப் போ. முன்கூட்டிச் சொல்லி அனுப்பாதே, சொன்னால் அடுப்பு மூட்டிவிடுவார்கள். அவள் பெயரை நீ எழுதவில்லை, எந்த வகுப்பு என்றும் எழுதவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடிக்கிற வரைக்கும் பார். அவள் சுமாராகத்தான் எடுக்கிறாள் என்றும் இருக்கலாம். குழம்பு நன்றாக வைத்தாளே என்று தயவு பார்க்காதே. சுமார் என்றால் சுமார் என்றே எழுது.

உன் அம்மா